குரு இல்லாமல் ஆன்ம சாதனை நடக்குமா?

“வயது 41. மனைவி, இரண்டு குழந்தைகள், தனியார் கம்பெனி வேலை. பத்து வருடமாக ஆன்மிகப் புத்தகங்கள் படிக்கிறேன், சொற்பொழிவுகள் கேட்கிறேன், கைபேசியில் நேரம் குறித்துத் தியானமும் செய்கிறேன். சில வாரம் மனம் அமைதியாக இருக்கிறது. அப்புறம் பழைய கோபம், பழைய பயம். ஆன்மா வளர்வது என்றால் உண்மையில் என்ன நடக்க வேண்டும்? அதற்குக் குரு கட்டாயம் வேண்டுமா? வேண்டும் என்றால் இந்தக் காலத்தில் யாரை நம்புவது?”

இதுதான் நீங்கள் கேட்டது. மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். அதனால் தனித்தனியாகப் பிரிக்காமல் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இந்து சமயம் முழுவதற்கும் பொதுவான ஒரே பதில் இதற்குக் கிடையாது. வைணவர் ஆசாரியனிடம் பஞ்ச சம்ஸ்காரம் என்ற சடங்கைப் பெறுவதிலிருந்து தொடங்குவார். அத்வைதி சிரவணம், மனனம், நிதித்தியாசனம் (கேட்பது, சிந்திப்பது, அதிலேயே ஆழ்ந்து நிற்பது) என்று வரிசை சொல்வார். நான் இருபது வருடத்துக்கு மேலாக நின்று பழகிய இடம் சைவ சித்தாந்தம். அங்கிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும்.

“ஆன்மா வளர்கிறது” என்று பேச்சில் சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் சித்தாந்தப்படி உயிர் அநாதி. அது கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதற்கு ஒரு இயல்பு உண்டு: எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடும். பளிங்கைச் செம்பருத்திப் பூவுக்குப் பக்கத்தில் வைத்தால் பளிங்கே சிவந்த மாதிரி தெரியும் அல்லவா, அப்படி. இன்றைக்கு நம் உயிர் சார்ந்து நிற்பது மலத்தை, அதாவது உயிரை மறைக்கிற அழுக்கை. ஆணவம், கன்மம் (வினை), மாயை (உடம்பும் உலகமும் தோன்றுகிற மூலப்பொருள்) என்ற மூன்றில் முதலாவதுதான் மூலமலம். செம்பில் களிம்பு எப்போது ஏறியது என்று சொல்ல முடியாது, செம்பு இருக்கும்போதே அதுவும் இருக்கிறது. நெல்லோடு உமி இருப்பதும் அப்படித்தான். சாதனை என்பது இந்தச் சார்பை மாற்றுவது. மலத்தின் பிடி தளரத் தளர, உயிர் சிவத்தைச் சார்ந்து அதன் வண்ணமாகிறது. நீங்கள் வளர்ச்சி என்று சொல்வது அதைத்தான்.

இங்கே ஆணவம் என்றால் திமிர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். திமிர் அதன் ஒரு வேலை, அவ்வளவுதான். கூச்சமும் தாழ்வு மனப்பான்மையும்கூட அதன் வேலைதான், ஏனென்றால் அங்கேயும் “நான்” என்பதைச் சுற்றித்தான் எல்லாம் நடக்கிறது. சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் திருவருட்பயன் என்ற நூலில் இதைப் பற்றி ஒரு குறள் வைத்திருக்கிறார்:

ஒருபொருளுங் காட்டாது இருளுருவம் காட்டும்
இருபொருளுங் காட்டாது இது.

இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது என்றாவது நமக்குத் தெரியும், தெரிவதால் விளக்கைத் தேடுவோம். ஆணவம் மற்றப் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. ஆணவ இருட்டில் இருப்பவனுக்கு அதில் இருப்பதே தெரியாது. குரு எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த முழுப் பதிலும் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது.

உங்கள் பத்து வருட அனுபவத்தை இதில் வைத்துப் பாருங்கள். கலங்கல் தண்ணீர்க் குடத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் மண்டி அடியில் போய்த் தங்கும், மேலே தண்ணீர் தெளியும். கைபேசித் தியானம் உங்களுக்குச் செய்தது அதுதான். அது பொய் இல்லை. தெளிந்த தண்ணீரைப் பார்த்தது பெரிய விஷயம்தான். ஆனால் மண்டி குடத்தை விட்டுப் போகவில்லை. அலுவலகத்தில் ஒருவர் குடத்தைத் தட்டினால் மறுபடியும் கலங்குகிறது. மண்டி இருக்கிறது என்பதை நீங்களே கண்டு கேட்டிருக்கிறீர்களே, அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

படிப்பு இதைத் தீர்க்காதா என்று கேட்கலாம். நிறையப் படித்த ஒருவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் திருத்துறையூரில் சகலாகம பண்டிதர் என்று ஒருவர் இருந்தார். எல்லா ஆகமங்களும் கற்றவர் என்பதால்தான் அந்தப் பெயரே. பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்கு அவர் குலகுரு. பிள்ளை இல்லை என்று வந்த களப்பாளருக்குத் திருமுறை ஏட்டில் கயிறு சாத்தி, வந்த பக்கத்தைக் குறியாகப் பார்த்து, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்ததும் அங்கே போகச் சொன்னவரும் அவரே. அப்படிப் பிறந்த குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் வீட்டில் வளர்ந்தது. பரஞ்சோதி முனிவர் அந்தப் பிள்ளைக்கு உபதேசம் செய்து மெய்கண்டார் என்று பெயரும் வைத்தார். சின்னப் பிள்ளை சிவஞானபோதம் என்ற சித்தாந்த நூலைச் சொல்கிறது என்று கேள்விப்பட்டு, பண்டிதரின் மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே போக ஆரம்பித்தார்கள். தான் வாழ்த்திப் பிறந்த பிள்ளையிடம் தன் மாணவர்கள் போகிறார்கள். பண்டிதர் நேரே கிளம்பிப் போனார். அங்கே ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. “ஆணவத்தின் சொரூபம் என்ன?” என்று நின்றபடியே கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரை அடியிலிருந்து முடிவரை ஒருமுறை பார்த்து, விரலால் அவரையே சுட்டிக் காட்டினார்.

பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்தார். அருணந்தி சிவாசாரியார் என்ற பெயரோடு, மெய்கண்டாரின் 49 மாணவர்களில் முதல்வரானார். சிவஞான சித்தியார் அவர் எழுதியதுதான். ஆணவத்துக்கு எத்தனை இலக்கணம் உண்டோ அத்தனையும் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். அது தன்னிடம் நின்றுகொண்டிருப்பது மட்டும் தெரியவில்லை. ஒரு விரல் வேண்டியிருந்தது. அந்த விரலை ஏற்றுக்கொண்டாரே, அதுதான் இந்தக் கதையில் என்னை இன்னும் உலுக்குகிற இடம். கோபப்பட்டுத் திரும்பிப் போயிருக்க எல்லா நியாயமும் அவர் பக்கம் இருந்தது.

என் கதையையும் சொல்கிறேன். நான் குருநாதரிடம் போனபோது உங்களைப் போலவே நிறையப் படித்திருந்தேன். தீட்சை கேட்டேன், அதாவது மந்திரம் தந்து முறைப்படி மாணவனாக ஏற்கும்படி. அவர் மறுக்கவும் இல்லை, நாள் குறிக்கவும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பழைய சிவன் கோயில், ஒரு கால பூசை நடக்கிற கோயில். “ஞாயிறுதோறும் போய்க் கோமுகையைக் கழுவிட்டு வா” என்றார். கோமுகை தெரியும்தானே? கருவறையின் வடக்குச் சுவரில், சண்டிகேசுவரருக்கு அருகே, அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கல் வாய். பாலும் தயிரும் சந்தனமும் ஓடி ஓடி அந்தக் கல்லில் வழுவழுவென்று ஒரு படலம் ஏறியிருக்கும். கீழே தொட்டியில் புளித்த வாடை, பாசி, எறும்பு, வில்வ இலை அடைப்பு. தேங்காய் நாரும் ஈர்க்குச்சியும் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டு உட்கார்ந்து தேய்க்க வேண்டும். முதல் மாதம் அருவருப்பாக இருந்தது. மூன்றாவது மாதம் பிடித்துப்போனது. ஐந்தாவது மாதம், “என் கோமுகை” ஆகிவிட்டது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிறு போனால், கோமுகை பளிச்சென்று இருக்கிறது. வாசலில் பூக்கட்டி விற்கிற அம்மா விடியற்காலையிலேயே வந்து கழுவிவிட்டாராம். மனசு சுருக்கென்றது. அன்று மாலை குருநாதரிடம் போய், “சாமி, நான் செய்ற பணியில வேற ஆள் கை வைக்கிறாங்க” என்று சொன்னேன். முறையீடாகத்தான் சொன்னேன். அவர் ருத்திராட்சம் கோத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “கோமுகை சுத்தமா இருக்கா?” என்றார். “இருக்கு சாமி.” “அப்ப உனக்கு என்ன குறைஞ்சுது?”

அவ்வளவுதான். மறுபடி மணி கோக்கப் போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. இரவு தூக்கம் வரவில்லை. ஏழு மாதமாகத் தொண்டு செய்தோம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தொண்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுக் கொழுத்தது யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுவாரம் போனபோது, “இனிமே அந்த அம்மாவுக்குக் கிணத்துல தண்ணி இறைச்சுக் குடு” என்றார். அதற்கு அடுத்த மாதம் தீட்சைக்கு நாள் சொன்னார்.

ஒரு கேள்வி கேட்க ஏழு மாதம் காத்திருந்தார். புத்தகத்தால் அப்படிக் காத்திருக்க முடியாது. புத்தகம் எல்லாருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும். உங்கள் ஆணவம் இன்றைக்கு எந்த வேஷத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதனால்தான் குரு வேண்டும் என்கிறேன். மந்திரம் சொல்லிக்கொடுக்க, ஆசனம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பார்கள். சாதனையே ஆணவத்துக்குத் தீனியாக மாறுகிற இடம் ஒன்று ஒவ்வொருவருக்கும் வரும். அங்கே வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

“ரமண மகரிஷிக்குக் குரு யார்?” என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். 1896-இல் பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்தவர், அருணாசலமே தன் குரு என்றவர். சித்தாந்தத்தில் இதற்கு இடம் இருக்கிறது. உயிர்கள் மூன்று வகை. ஆணவம் மட்டும் உள்ள விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துவான். ஆணவத்தோடு கன்மமும் உள்ள பிரளயாகலருக்குத் தன் திருவுருவத்தோடு முன்னே நின்று உணர்த்துவான். மூன்று மலமும் உள்ள சகலருக்கு, அதாவது நமக்கு, மனித வடிவில் மறைந்து வந்து உணர்த்துவான். மகரிஷி எந்த வகை என்று அளக்க எனக்குத் தகுதி இல்லை. நான் எந்த வகை என்று எனக்குத் தெரியும், அது போதும்.

இறைவன் எதற்கு மனித வடிவில் வர வேண்டும்? திருவருட்பயனிலேயே இதற்கு ஒரு உவமை இருக்கிறது. மானைப் பிடிக்கப் பழக்கிய மானைக் காட்டில் விடுவார்கள். அதற்குப் பார்வை மிருகம் என்று பெயர். காட்டு மான் மனிதனைக் கண்டால் ஓடும், மானைக் கண்டால் பக்கத்தில் வரும். குருவின் உடம்பு அப்படி ஒரு போர்வை என்கிறார். ஆகவே குருவுக்கு சளி பிடிக்கிறது, மூட்டு வலிக்கிறது, அவரும் மனிதர்தானே என்று ஏமாற வேண்டியதில்லை. அவர் மனிதராக இருப்பதால்தான் நாம் ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, குரு எப்போது வருவார்? சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. எட்டாவது சூத்திரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. வேடரிடம் வளர்ந்த ராசகுமாரன் தன்னையும் வேடன் என்றே நினைத்திருப்பது போல, உயிர் ஐம்புலன் என்ற வேடரிடம் வளர்ந்து தன்னை மறந்திருக்கிறது. இறைவன் குருவாக வந்து “நீ ராசகுமாரன்” என்று உணர்த்துகிறான். அந்த இடத்தில் “தவத்தினில்” என்று ஒரு சொல் வைத்திருக்கிறார் மெய்கண்டார். நம்மில் பெரும்பாலோர் குருவைத் தேடும்போது கவனிக்காமல் தாண்டிப்போகிற சொல் அது. குரு வருவது தவத்தின் விளைவு. தவம் என்றதும் காடு, ஒற்றைக்கால் என்று போக வேண்டாம். உரையாசிரியர்கள் அதற்குச் சரியை, கிரியை, யோகம் என்று பொருள் சொல்கிறார்கள். அந்த மூன்றின் பயனாக நான்காவதான ஞானம் குரு வழியாக வருகிறது.

இந்த நாலில் சரியையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் தாண்டிப்போனது அதைத்தான். சரியை என்பது உடம்பால் செய்யும் தொண்டு: கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப்பறித்து மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, பாடுவது, அடியாருக்குச் சோறு போடுவது. இதற்கு அடையாளம் அப்பர், கையில் உழவாரப்படையோடு. 81 வயது வரை ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். கடைசியாகத் திருப்புகலூரில் செதுக்கிக்கொண்டிருக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தன என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார். படித்தவர்கள் சரியையைப் பாமரருக்கானது என்று ஒதுக்கிவிட்டு நேரே தியானத்துக்குப் போகிறோம். உடம்பு வளையாமல் மனம் வளையும் என்று எதிர்பார்க்கிறோம். அப்பரை மனதில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய பிழை என்று தெரியும்.

கிரியை என்பது சிவபூசை, அகமும் புறமும் சேர்ந்த வழிபாடு, சம்பந்தர் வழி. யோகம் மனதை ஒடுக்கி உள்ளே வழிபடுவது, சுந்தரர் வழி. ஞானம் மாணிக்கவாசகர் வழி. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்ற பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இதைப் பார்க்க வேண்டாம். ஞானத்தில் நின்றவர்களும் கோயிலில் விளக்குப் போடுகிறார்கள். திருவருள் படிவதற்குச் சத்திநிபாதம் என்று பெயர். அதில் நாலு படி சொல்லி, நெருப்பை உவமையாகக் காட்டுவார்கள்: வாழைத்தண்டில் பற்றுவது, பச்சை விறகில் பற்றுவது, காய்ந்த விறகில் பற்றுவது, கரியில் பற்றுவது. நெருப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான், ஈரம்தான் வேறு. உங்களுக்குச் சில வாரம் பற்றி அப்புறம் அணைகிறது என்றால் நெருப்பைக் குறை சொல்லாதீர்கள். ஈரம் காய நாள் ஆகும்.

தீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சைவத்தில் குருவின் வழிகாட்டல் தொடங்குவது அங்கேதான். சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று மூன்று. குரு பார்வையால் தருவது, தொட்டுத் தருவது, வாக்கால் தருவது, நினைவால் தருவது என்று முறைகள் பல உண்டு. குண்டத்தில் தீ வளர்த்துச் செய்வது ஔத்திரி. சமய தீட்சையில் கண்ணைத் துணியால் கட்டி அழைத்துப் போவார்கள். கையில் பூ கொடுத்துத் தூவச் சொல்வார்கள். அப்புறம் கட்டை அவிழ்ப்பார்கள். புகை, விளக்கு, கும்பம், எதிரே குரு. மந்திரம் பதித்த தன் கையை அவர் நம் தலையில் வைப்பார், அது சிவனுடைய கை என்பது முறை. வலக்காதில் ஐந்தெழுத்தைச் சொல்வார். எனக்கு அந்த நிமிடத்தில் ஒளியும் தெரியவில்லை, உடம்பும் நடுங்கவில்லை. உள்ளங்கைச் சூடு உச்சந்தலையில் இருந்தது, அதுதான் நினைவிருக்கிறது. பெரிய அனுபவம் வரவில்லையே என்று சில நாள் வருந்தினேன். பிறகு புரிந்தது, தீட்சை விதை போடுவது. விதை போட்ட அன்றே நிழல் கேட்கக் கூடாது. விசேட தீட்சை பெற்றவர் சிவபூசை எழுந்தருளப் பண்ணிக்கொள்ளலாம். நிருவாண தீட்சை ஞான நூல்களை ஓதி உணரும் தகுதியைத் தருவது. தீட்சை பெற்றபின் புலால், மது இரண்டும் கிடையாது, தினசரி அனுட்டானம், அதாவது நித்திய வழிபாட்டு நியமம், உண்டு. இதற்கு மனம் தயாரில்லை என்றால் தயாராகும்வரை தள்ளிப்போடுவது நல்லது. வாங்கிவிட்டு விடுவதைவிட அது மேல்.

குரு என்றால் அன்பாகப் பேசிக்கொண்டே இருப்பார் என்றும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் செல்லப்பா சுவாமி என்று ஒருவர் இருந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. வருகிறவர்களை ஏசுவார், துரத்துவார், தனக்குத்தானே பேசிக்கொள்வார். இரணைமடு நீர்ப்பாசன வேலையில் பண்டகசாலைப் பொறுப்பில் இருந்த ஒரு இளைஞர் அந்தப் பக்கம் வந்தபோது, “ஆரடா நீ?” என்று உரத்துக் கேட்டார். அந்த ஒரு கேள்வி அந்த இளைஞரின் உத்தியோகத்தையும் வாழ்க்கையையும் திருப்பிப் போட்டது. அவர்தான் பின்னாளில் யோகர் சுவாமி, 1964 வரை இருந்தவர். “எப்பவோ முடிந்த காரியம்”, “ஒரு பொல்லாப்பும் இல்லை”, “நாம் அறியோம்”, “முழுதும் உண்மை” என்று தன் குருவிடம் கேட்ட நாலு வாக்கியத்தை வாழ்நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொன்னார். செல்லப்பா சுவாமி ஆசிரமம் கட்டவில்லை, சொற்பொழிவு செய்யவில்லை. தன்னைக் கும்பிட வந்தவர்களையே விரட்டினார். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தது அதுதான்: கூட்டம் சேர்க்கிற ஆசை துளியும் இல்லாத குரு.

அங்கிருந்து உங்கள் மூன்றாவது கேள்விக்கு வரலாம். யாரை நம்புவது?

குருட்டை நீக்காத குருவைக் கொண்டால் குருடும் குருடும் சேர்ந்து குழியில் விழும் என்று திருமூலரே எச்சரித்திருக்கிறார். போலிகள் இந்தக் காலத்துக்கு மட்டும் உரியவர்கள் இல்லை. நான் பார்ப்பது இவ்வளவுதான். அவருக்கு ஒரு குரு உண்டா, அந்தக் குருவைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிகிறதா? அவரே தினமும் அனுட்டானம், பூசை செய்கிறாரா, இல்லை மற்றவர்களுக்குச் சொல்வதோடு சரியா? தட்சிணை முறைப்படி உண்டு, வெற்றிலை பாக்கு, பழத்தோடு முடிந்ததை வைப்போம். அதைத் தாண்டி இந்த நிலைக்கு இத்தனை ரூபாய் என்று பட்டியல் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மனைவியிடமும் சொல்லாதே என்று ரகசியம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உடம்பின்மேல் உரிமை கொண்டாடுகிறவர், குடும்பத்தைவிட்டுப் பிரிக்கிறவர், தன்னை விட்டால் கதி இல்லை என்று பயமுறுத்துகிறவர் யாராக இருந்தாலும் திரும்பிப் பார்க்க வேண்டாம். குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிவது வேறு, அறிவை அடகு வைப்பது வேறு. இன்னொன்று, உங்கள் பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிற அளவில் இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதைத் தடுக்கிறவர் நல்ல குருவாக இருக்க முடியாது.

இவையெல்லாம் வேண்டாதவரை ஒதுக்கத்தான். உங்களுக்கு உரியவரை எப்படித் தெரிந்துகொள்வது? குமரகுருபரர் கதை எனக்கு நினைவு வரும். ஐந்து வயது வரை பேச்சு வராமல் இருந்து, திருச்செந்தூரில் பேச்சு வந்து, வந்த வேகத்தில் கந்தர் கலிவெண்பா பாடியவர். எந்த இடத்தில் உன் வாக்குத் தடைப்படுகிறதோ அங்கே இருப்பவர் உன் குரு என்று அவருக்கு அருள்வாக்கு இருந்தது. தருமபுரம் சைவ மடத்தில் மாசிலாமணி தேசிகர் அவரிடம், “ஐந்து பேரறிவும் கண்களே கொள்ள” என்று தொடங்கும் பெரியபுராணப் பாட்டுக்குப் பொருள் கேட்டார். சுந்தரர் தில்லையில் கூத்தனைக் கண்ட இடம் அது. பாட்டுக்கு உரை சொல்வது அவருக்கு ஒன்றுமே இல்லை. கேட்டது உரையை இல்லை, அந்த அனுபவத்தை. வாக்கு நின்றது. அங்கேயே பணிந்தார். நம் அளவில் சொன்னால், யாரிடம் உங்கள் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகாமல், அதே நேரம் அவமானமும் தோன்றாமல் இருக்கிறதோ, அவரிடம் இன்னும் நாலு தடவை போய் உட்காருங்கள். அவசரம் வேண்டாம்.

அதுவரை என்ன செய்வது என்றால், நிறைய இருக்கிறது. முறையான ஐந்தெழுத்துச் செபம் தீட்சைக்குப் பிறகுதான் என்பது எங்கள் வழக்கம். திருமுறை பாடுவதற்கு அப்படி எதுவும் தேவையில்லை. காலையில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி ஒரு பதிகம், பதினொரு பாட்டு. பண் தெரியாவிட்டாலும் வாய்விட்டுப் பாடுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. அலாரம், கணக்கு, வரைபடம் எதுவும் வேண்டாம். தவறிப்போன நாளுக்கு மறுநாள் இரண்டு பதிகம் பாடி ஈடுகட்டவும் வேண்டாம், அதுவும் ஒரு கணக்குத்தான். மாதம் ஒரு ஞாயிறு உழவாரப் பணிக்குப் போங்கள், பல ஊர்களில் குழுக்கள் இருக்கின்றன. தூணில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுங்கள், மதிலில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்குங்கள். போட்டோ எடுத்துப் போடாதீர்கள்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க ஆசை வரும். ஒளி, ஓசை, கனவு இவற்றை வைத்துப் பார்க்க வேண்டாம். சித்தாந்தம் சொல்கிற அளவு இருவினையொப்பு. நல்வினைப் பயனான இன்பத்தில் துள்ளாமலும், தீவினைப் பயனான துன்பத்தில் துவளாமலும், இரண்டையும் ஒரே நிலையில் ஏற்கிற மனம். அது முழுதாக வருவது பெரிய நிலை. ஆனால் அதன் வாசனை முன்னாலேயே வரும். உங்களைவிட இளையவருக்குப் பதவி உயர்வு வந்த அன்று இரவு, உங்களுக்குச் சாப்பாடு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். எனக்கு இன்றும் அந்தச் சோதனையில் சில நாள் தேறுகிறது, பல நாள் தேறுவதில்லை.

குடும்பம் தடையா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் வயதையும் குழந்தைகளையும் முதலில் எழுதியதால் அந்தக் கவலை இருப்பது தெரிகிறது. நாயன்மார்களில் பலர் இல்லறத்தார். இளையான்குடி மாறர், காரைக்கால் அம்மையார் போன்றவர்கள் அடியாருக்கு அமுது செய்வித்தது தங்கள் வீட்டு அடுப்பில்தான். காலையில் பதிகம் பாட எழும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் விளக்கேற்றும் நேரத்தில் குழந்தைகளுக்குப் பள்ளிக்குச் சாப்பாடு கட்டுகிற வேலை அவர் தலையில் விழுந்தால், அந்த விளக்கு அவர் முதுகில் எரிகிறது. முதல்நாள் இரவே காய் நறுக்கி வைத்துவிடுங்கள். சரியையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். அவருக்கும் விருப்பம் இருந்தால், தீட்சைக்கு நாள் வரும்போது இருவரும் சேர்ந்தே போங்கள். முன்தினம் எளிமையான சாப்பாடு, அன்று காலை பட்டினி, ஒரு துவைத்த வேட்டி, ஒரு புடவை, கொஞ்சம் பழம், பூ. அவ்வளவு போதும்.